வெள்ளை உருண்டையும் ரப்பர் பூட்ஸும்

19 ஜூலை, சனி

காலையிலிருந்து மழை. பேக்டரிச் சட்டை இரண்டும் ஈரம். மூன்றாவதில் அக்குள் கிழிசல். தைக்க வேண்டும். தைக்க மாட்டேன், தெரியும்.

தம்பி குணா இன்று வைஃபை பெட்டியைச் சுவரிலிருந்து பிய்த்து, துணி துவைக்கிற கல்லில் அடித்து நொறுக்கினான். அது வழியாகத்தான் உருண்டை நம் பேச்சைக் கேட்கிறதாம். நொறுக்கிய கையோடு, "அக்கா, ஒன் போன்ல ஹாட்ஸ்பாட் போடு, குரூப்ல வீடியோ வந்துருக்கு" என்கிறான். சிரிப்பதா அடிப்பதா. அடித்தேன், துடைப்பத்தால், முதுகில். அவனும் சிரித்தான்.

உருண்டை என்பது திகாம் பத்து ஊரைத் தாண்டி, எங்கள் பழைய தோட்டத்தில், கடைசிச் செம்பனை வரிசைக்குப் பின்னால் இருக்கிறது. சுற்றிலும் வேலி, நடுவில் இரும்புக் கோபுரம், உச்சியில் வெள்ளையாக ஒரு பெரிய உருண்டை. மழை வருவதைப் பார்க்கிற கருவி என்று சொல்கிறார்கள். வேலியில் சிவப்புப் பலகை, "கவாசான் லாராங்கான்", உள்ளே நுழையாதே. ஒருத்தன் துப்பாக்கி நீட்ட, இன்னொருத்தன் கையைத் தூக்கி நிற்கிற படம்.

"மழய பாக்கறதுக்கு எதுக்குக்கா துப்பாக்கி?" இதுதான் குணாவின் கேள்வி.

அவனுடைய வாட்ஸ்அப் குரூப் சொல்வது: ஜெராய் மலையில் வேற்றுக்கிரகத்து ஊர்தி ஒன்று விழுந்தது. அரசாங்கம் அதன் இஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்து உருண்டைக்குள் ஒளித்து, தோட்டத்து ஆட்கள் மேல் பரிசோதிக்கிறது. ஏன் நம் மேல்? "நம்மள எவன் எண்ணுவான்? ஒருத்தன் கொறஞ்சா தெரியுமா?" அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாரும் உள்ளே போய் விழுகிறார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்தபோது எவனும் வந்து கேட்கவில்லை, அது உண்மைதானே.

அம்மு போன பிறகுதான் அவனுக்கு இதெல்லாம். மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். விடியற்காலை, செம்பனைக் குலை பாரம், நேரான ரோடு. லோரி வாய்க்காலில். அம்மு பிழைக்கவில்லை. மேலே ஒரு வெளிச்சம் வந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கியது என்றான். போலீஸிடமும் அதையே சொன்னான், கோர்ட்டிலும் அதையே. பெண்டாட்டி மட்டும், "தூங்கிட்டியா, உண்மைய சொல்லு" என்று கேட்டாள். அவளை அடித்தான், அவள் போய்விட்டாள். நான் கேட்டதே இல்லை. அந்த வெளிச்சம் இருந்தே ஆக வேண்டும் அவனுக்கு.

வாங்க வேண்டியது: எலுமிச்சை, சுருட்டு, சம்சுச் சாராயம், கற்பூரம், பச்சரிசி, வைஃபை பெட்டி.

21 ஜூலை, திங்கள்

பேக்டரி. கையுறையில் காற்றடித்து ஓட்டை பார்க்கிற வேலை. மெஷின் நின்றுபோய் சும்மா உட்கார்ந்தோம், அதற்கும் சூப்பர்வைசர் கத்தினாள். ஒரு நாள் அவள் வாயில் கையுறையை மாட்டிக் காற்றடிப்பேன்.

எதிரே உட்காருகிற கலாவிடம் தம்பி கதையைச் சொன்னேன். கலா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் மோகன் அந்த உருண்டையில்தான் ஏர்கான் பார்க்கிறாராம். எனக்குத் தெரியவே தெரியாது.

"உள்ள என்னடி இருக்கு?"

"என்னமோ ஒண்ணு சுத்துது, அவ்ளோதான் சரோக்கா. கீழ ரூம்ல ஒரு பூன குட்டி போட்ருக்கு. அதுக்கு இவரு டெய்லி மீன் எடுத்துட்டுப் போறாரு. வீட்ல எனக்கு மீன் இல்ல."

வீட்டுக்கு வந்தால் குணாவின் விரல் முட்டியெல்லாம் ரத்தம். உருண்டை கேட்டில் காவலுக்கு நிற்கிற ஜாகாவை அடித்திருக்கிறான். அந்த ஆள் வயதானவர். பல் குத்தி இவன் கை கிழிந்திருக்கிறது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். கட்டும்போது வேண்டுமென்றே இறுக்கினேன். "உள்ள என்ன வச்சிருக்கன்னு கேட்டேன், சிரிச்சான்கா" என்றான். யாராவது சிரித்தால் அவனுக்குத் தாங்காது.

பூனைக் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. "அப்டித்தான் சொல்லச் சொல்லுவானுங்க."

24 ஜூலை, வியாழன்

வெயில், சாயங்காலம் தூறல். உடம்பு சரியில்லை என்று எம்.சி. லீவு போட்டேன். காய்ச்சல் எதுவும் இல்லை, அலுப்பு.

ஞாயிறு முனியாண்டி பூசை. ஆடி மாதம் தவறாமல் நடக்கிறது. லயம் போனாலும் கோவில் போகவில்லை. உருண்டை வேலிக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை, மண் தரை, ஆள் உயரத்துக்கு மேல் இரும்புச் சூலம். முனிக்கு முன்னால் செருப்போடு எவனும் நிற்க மாட்டான். வெளி ஜனங்கள்கூட அங்கே கழற்றிவிட்டுத்தான் வருவார்கள்.

சீரியல் லைட் கட்டுவது குணா பொறுப்பு. தோட்டத்து ஜாகா கொட்டகையிலிருந்து கரண்ட் இழுக்கிறான். வயர் எட்டவில்லை. என் பழைய ரைஸ் குக்கர் வயரை வெட்டி ஒட்டுப் போட்டான். கறுப்பு டேப் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். சூலத்தின் அடியில் சுற்றி இறுக்கி, அங்கிருந்து கூரைக்கு ஏற்றினான். வேலை செய்யும்போது மனிதன் பழைய குணா. வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டு பாட்டு வேறு. லைட்டைப் போட்டுக் காட்டினான், எல்லாம் பச்சை.

"அம்முக்குப் பச்சதான் பிடிக்கும்ல?"

ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த வீட்டில் ஒரு நல்ல நாள் என்று எழுதி வைக்கிறேன், பிறகு ஞாபகம் இருக்காது.

26 ஜூலை, சனி

மழை, மழை. கோவில் தரை சேறு. காலையில் கூட்டிப் பெருக்கப் போனோம்.

பூசாரி எலுமிச்சை குத்தச் சூலத்தைத் தொட்டார். தூக்கி எறிந்தது. மல்லாந்து விழுந்து, எழுந்து, கண் செருகி ஆட ஆரம்பித்துவிட்டார். பெண்கள் குலவை. குணாவின் கூட்டாளி சேகர் தொட்டான், அவனையும் உதறியது. நானும் ஒரு விரலை வைத்தேன். தோள்பட்டை வரைக்கும் சுரீர். கண்ணீர் வந்துவிட்டது. முனி இருக்கிறார் என்று நான்தான் முதலில் கத்தினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் கத்தினேன்.

கரண்ட் என்று யாருக்கும் தோன்றவில்லை. லைட் வயரில் இருந்த சுவிட்ச் அணைந்திருந்தது. லைட் எரியவில்லை. நானே பார்த்தேன்.

குணா மட்டும் சூலத்தைப் பார்க்கவில்லை, உருண்டையைப் பார்த்தான். "முனி இல்ல. அவனுங்க இஞ்சின ஓட்டறானுங்க. இரும்பு வழியா இழுக்குது." சேகர் அதைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டான். பூசாரிக்கும் குணாவுக்கும் தள்ளுமுள்ளு. பூசாரி உதட்டில் ரத்தம். "சாமியையே இல்லேங்கறியா?" "சாமி இருந்தா எம்புள்ள ஏன்யா போனா?"

வீட்டுக்கு வந்து பாராங் கத்தியைத் தீட்டுகிறான். நாளைக்குப் பூசை முடிந்ததும் வேலியை வெட்டி உள்ளே போகப் போகிறார்களாம், குரூப் ஆட்கள் கூலிம் பக்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்களாம். சிவப்புப் பலகையில் கையைத் தூக்கி நிற்கிறவன் முகம் குணா முகமாகவே தெரிகிறது எனக்கு.

கலாவுக்குப் போன் செய்தேன். மோகனிடம் கொடுத்தாள். பாவம், எவ்வளவு மரியாதை. "நாளைக்கு எனக்கு அங்கதாங்க்கா டியூட்டி. முடிச்சிட்டு அப்டியே கோயிலுக்கு வரேன். அண்ணன்கிட்ட நானே சொல்றேன், உள்ள ஒண்ணும் இல்லேன்னு. பூனக்குட்டி போட்டோ காட்டவா?"

காட்டு தம்பி என்றேன்.

27 ஜூலை, ஞாயிறு

எழுத முடியவில்லை. மோகன் இறந்துவிட்டான்.

28 ஜூலை, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

பொங்கல் பொங்கி முடிந்தது. கிடா வெட்டியாயிற்று. மழை நின்றிருந்தது, தரை மட்டும் சொதசொத. மோகன் வேலி கேட்டைத் திறந்து நடந்து வந்தான். நெற்றியில் திருநீறு, கையில் சாமான் பை, முழங்கால் வரை மஞ்சள் ரப்பர் பூட்ஸ். கோவில் ஓரத்தில் குனிந்து பூட்ஸைக் கழற்றப் போனான். நான் பார்த்தேன். குணாதான் பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தான். "நீதான் உள்ள வேல செய்றவனா? வா. இதத் தொட்டுப் பாத்துட்டு அப்பறம் பேசு."

மோகன் தொட்டான், இரண்டு கையாலும். ஒன்றுமே ஆகவில்லை.

"ஒண்ணும் இல்லையேண்ணே. இரும்புதான்லா."

எங்களைத் தூக்கி எறிந்த சூலம் இவனை ஒன்றும் செய்யவில்லை. பூசாரி, "பூட்ஸோட முனிகிட்ட வந்துட்டான்" என்று அலறினார். சேகர், "டேய், இவனுக்கு ஏறல! இவன் ஒடம்ப மாத்தி வச்சிருக்கானுங்க" என்றான். குரூப்பிலிருந்து வந்த ஆட்கள் நெருங்கினார்கள். குணா, மோகனின் முகத்துக்கு நேரே போய், "நீ யாருடா?" என்று கேட்டான்.

மோகன் சிரித்தான். நல்ல பிள்ளையின் சிரிப்பு, கேலியே இல்லை. ஆனால் சிரித்துவிட்டான்.

சிரித்துக்கொண்டே சூலத்தின் அடியில் குனிந்தான். "இந்த வயரு யாரு கட்டுனது?" என்று கேட்டு முடிப்பதற்குள் குணாவின் கால் அவன் விலாவில். அதற்குப் பிறகு யார் எங்கே அடித்தார்கள் என்று தெரியவில்லை. மூங்கில் கழி. அவன் பையிலிருந்தே எடுத்த ஸ்பானர். பல் உடைகிற சத்தம் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. நான் கத்திக்கொண்டே போய்க் குணாவின் முடியைப் பிடித்து இழுத்தேன். யாரோ என்னைத் தள்ளினார்கள். கிடா ரத்தத்தில் விழுந்தேன். மோகன், "அக்கா, சொல்லுங்கக்கா, அக்கா" என்றான். என்னைத்தான். அவனைக் கூப்பிட்டது நான்தானே.

"பூட்ஸ கழட்டு. மனுஷன் காலான்னு பாப்போம்." குணா சொன்னான். இருவர் உருவினார்கள். மனிதக் கால்தான். ஒரு பெருவிரல் நகம் கறுத்திருந்தது. "இப்பத் தொடட்டும்." தூக்கிச் சேற்றில் நிறுத்தி முதுகில் தள்ளினார்கள்.

கை சூலத்தைப் பிடித்தது, விடவில்லை. உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூசாரி கும்பிட்டார். குணா, "மனுஷன்தான்! மனுஷன்தான்!" என்று கத்திக் குதித்தான், ஏதோ ஜெயித்த மாதிரி.

அப்போதுதான் சூலத்தின் அடியில் புகை வருவதைக் கண்டேன். என் கறுப்பு டேப். ஓடினேன். ஜாகா கொட்டகையில் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பி வந்தபோது மோகன் கீழே கிடந்தான். சூலத்தைப் பிடித்த கை அப்படியே மடங்கி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

குக்கர் வயர் ஒட்டுப் போட்ட இடத்தில் பல்லிளித்துக்கொண்டு இருந்திருக்கிறது. இரும்பில் பட்டிருக்கிறது. இரண்டு முள் பிளக்கைத் தலைகீழாகச் செருகினால் சுவிட்சை அணைத்தாலும் வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்குமாம். இன்று எதிர்வீட்டு எலெக்ட்ரிக்காரர் சொன்னார், நான் யாரோ கேட்கிற மாதிரிக் கேட்டேன். வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றவர்களை எல்லாம் அடித்தது. ரப்பர் பூட்ஸ் போட்டவனை அடிக்கவில்லை. அவ்வளவுதான். முனியும் இல்லை, இஞ்சினும் இல்லை. செருப்பைக் கழற்றியவர்கள் நாங்கள்.

மதியம் போலீஸ் வந்தது. அடிபட்ட காயம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். ஒருத்தரும் எதையும் பார்க்கவில்லையாம். நான், "பொங்கப் பானகிட்ட இருந்தேன்" என்றேன். பொய்யும் இல்லை.

30 ஜூலை, புதன்

மெர்கோங் போனேன், மோகன் வீடு. காரியம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. கலா அழவில்லை. முகம் வீங்கி, கண் சின்னதாகி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரோக்கா, அவரு சாமான் எல்லாம் பைல போட்டுக் குடுத்தாங்க. பூட்ஸ் மட்டும் இல்ல. வேல எடத்துல அவரு பூட்ஸ் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாரு. யாருக்கா கழட்டுனது?"

தெரியாது என்றேன். அவள் கையிலிருந்து என் கையை உருவ எனக்குத் தைரியம் இல்லை. அவளாகத்தான் விட்டாள்.

பூட்ஸ் என் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. குணா மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து போட்டிருக்கிறான், வயரோடு. ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்டால், "சாட்சிக்கா" என்கிறான். குரூப் முழுக்க இப்போது ஒரே கதை: மோகன் உண்மையைச் சொல்லக் கோவிலுக்கு ஓடி வந்தான், உருண்டையிலிருந்து கதிர் விட்டு அவனைக் கொன்றுவிட்டார்கள். அடித்தவர்களில் சேகரும் ஒருத்தன். அவனே குரல் தழுதழுக்கப் பேசியிருக்கிறான். "நம்ம தம்பி மோகன்" என்கிறான். தூ.

சாயங்காலம் ஒரு கூட்டம் போய் வேலியில் கல்லெறிந்தது. கேட்டில் நின்ற ஜாகாவின் மண்டை உடைந்துவிட்டது. குணா முன்னால் நின்றிருக்கிறான். அவனைத் தோளில் தூக்கி வைத்த படம் என் போனுக்கும் வந்தது. அம்மு போனதிலிருந்து அவன் முகத்தை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

பூனைக்குட்டிகளுக்கு யார் மீன் போடுகிறார்கள்?

1 ஆகஸ்ட், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பசியாறிக்கொண்டிருந்தான். கருகிய வயரைத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன்.

"இதுதான்டா ஒன் இஞ்சினு. ஒன் கையால சுத்துன வயரு. என் டேப்பு."

பார்த்தான். தள்ளிவிட்டுத் தோசையைப் பிய்த்தான். "அவனுங்கதான் வயர கருக்கிட்டானுங்க."

"நான் பிளக்கப் புடுங்குனதும் கை விட்டுச்சு குணா. உருண்டையயா புடுங்குனேன்?"

அறைந்தான். பல்லில் உதடு கிழிந்தது. என்னைக் கட்டியவனும் ஒரு காலத்தில் இப்படித்தான் அறைந்தான், பண்டார் பாருவில் வேறொருத்தியோடு குடித்தனம் போகும்வரை. ஆனால் அவன் கை எனக்கு இவ்வளவு வலித்ததில்லை. குளியலறைக்குப் போய்ப் பூட்ஸை எடுத்து வந்தேன். அதைக்கொண்டே அடித்தேன். தலையில், கழுத்தில், முதுகில், கை ஓயும் வரை. அவன் தடுக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கரண்ட்டுன்னா..." என்றான். "வெறும் கரண்ட்டுன்னா, அப்ப ஒண்ணுமே இல்லையா? அப்ப லோரி? அன்னிக்கி மேல வந்துச்சே அது?"

பூட்ஸைக் கீழே வைத்தேன்.

"சொல்லுக்கா. அன்னிக்கி நானு..."

எத்தனையோ நாள் விழுங்கியது. வாயில் ரத்தத்தோடு வந்துவிட்டது.

"ஆமாடா. தூங்கிட்ட."

இந்த வீட்டில் விழுந்த அடியெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அவன் சுவரில் தலையை மோத ஆரம்பித்தான். இழுத்துப் பிடித்தேன். என் மேலேயே விழுந்து கிடந்தான், சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் கிடப்பானே, அப்படி.

சுவரில் ரத்தக் கறை. துடைக்கவில்லை.

2 ஆகஸ்ட், சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்துவிட்டது.

காலையில் மூடிய கதவுக்கு வெளியே சேகர் வந்து கூப்பிட்டான், "அண்ணே, கூட்டம் காத்திருக்கு." போடா என்றேன். போகவில்லை. கொதிக்கிற தண்ணீரை எடுத்து வந்ததும் போனான்.

குணா போனை அணைத்து வைத்துவிட்டான். ஓடிப் போகிறாயா என்று கேட்டேன், தலையாட்டினான், இல்லை என்று.

போலீஸ் பாலாய்க்குப் போன் செய்தேன். பூட்ஸை யார் கழற்றினார்கள் என்று சொன்னேன். யார் தள்ளினார்கள், யார் ஸ்பானர் எடுத்தார்கள், எல்லாம். மோகனை வரச் சொன்னது நான் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண் போலீஸ் மலாயில் இரண்டு முறை என் பெயரைக் கேட்டாள். இரண்டு முறையும் சொன்னேன்.

அடுத்தது கலாவுக்கு. எடுத்தாள். முழுவதும் கேட்டாள். வைத்துவிட்டாள்.

பூட்ஸைக் கழுவவில்லை. சேறோடு பையில் போட்டு வாசலில் வைத்திருக்கிறேன். வயர் அதற்குள்.

போன் செய்ததைக் குணாவிடமும் சொன்னேன். "சரி" என்றான். குளித்தான். வெள்ளைச் சட்டை போட்டான். சோறு கேட்டான். சார்டின் சம்பல், ரசம். சமையலறை மேசையில் அவன் சாப்பிட, எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வழக்கமாக, என்னத்தக் கிறுக்குற என்று கேலி செய்வான். இன்று கேட்கவில்லை.

பாதித் தட்டில் நிமிர்ந்தான்.

"மோகனுக்கு ரொம்ப வலிச்சிருக்குமாக்கா?"

ஆமாம் என்றேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான், வாயில் வைக்கவில்லை. வாசலில் கார் நிற்கிற சத்தம். அவனுக்கும் கேட்டது.

"அம்முக்கு?"